ஏட்டில் உள்ளோரும் எல்லையில் உள்ளோரும்
கிராமச் சேகரங்களின் பணி குறித்து ஒரு சிந்தனை

திருவண்ணாமலை என்றதும் மலையும், கார்த்திகைத் தீபமும், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் நம் நினைவுக்கு வருகின்றன. இத்திருத்தலத்தைச் சுற்றிலும் ஏரிப் பாசனத்தையும் மானாவாரி நிலக்கடலையையும் நம்பி வாழும் சிற்றூர்கள் பல உள. அவற்றுள் சிலவற்றில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சிறு கிறிஸ்தவச் சபைகள் வாழ்ந்து வருகின்றன. பத்து அல்லது இருபது குடும்பங்கள், ஒரு சிற்றாலயம், ஒரு மணி, மாதத்தில் சில நாட்களே வந்துபோகக் கூடிய ஓர் ஆயர்: இதுவே அச்சபைகள் பலவற்றின் பொதுத் தோற்றம். இத்தகைய பல சபைகளைக் கூட்டி ஒரே ஆயரின் பொறுப்பில் வைக்கும் அமைப்பையே சேகரம் என்றும் குருசேகரம் என்றும் வழங்குகிறோம்.

இச்சேகரங்களின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் இரு கேள்விகளே எழுப்பப்படுகின்றன. ஆயருக்கு ஊதியம் எங்கிருந்து வரும்? உறுப்பினர் தொகை ஏன் பெருகவில்லை? இவை தள்ளத்தக்க கேள்விகள் அல்ல. ஆயினும் இவற்றுக்கு முன்னதாக எழவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கிராமச் சபை யாருக்குக் கடன்பட்டிருக்கிறது? தன் பதிவேட்டில் பெயர் எழுதப்பட்டவர்களுக்கு மட்டுமா? அவ்வூர் எல்லைக்குள் குடியிருக்கும் அனைவருக்குமா? கிராம வாழ்வோடு நெடுங்காலம் பிணைந்து வளர்ந்த இங்கிலாந்து நாட்டுப் பாரிஷ் அமைப்போடு நம் சேகரங்களை ஒப்பிட்டு, இக்கேள்விக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. மூன்று சொற்கள்

பாரிஷ் என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர் பரோய்க்கியா என்னும் கிரேக்கச் சொல்லாகும். 'பரா' என்பது அருகில் என்றும், 'ஓய்க்கோஸ்' என்பது வீடு என்றும் பொருள்படும். பிறர் நடுவே, குடியுரிமை இல்லாத அயலானாகத் தங்கி வாழ்வதை இச்சொல் குறித்தது. வாக்குத்தத்த நாட்டிலேயே ஆபிரகாம் அந்நியனைப் போல் கூடாரங்களில் குடியிருந்ததை எபிரெயர் 11:9 இவ்வினையால்தான் உரைக்கிறது. 1 பேதுரு 2:11 விசுவாசிகளை இச்சொல்லாலேயே விளிக்கிறது. எம்மாவூர்ச் சாலையில் கிலெயோப்பா, தன்னோடு நடந்துவந்த உயிர்த்த ஆண்டவரை நோக்கிப் பயன்படுத்திய வினையும் இதுவே (லூக்கா 24:18). முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோமாபுரிச் சபை கொரிந்துச் சபைக்கு எழுதிய நிருபம், தன்னை ரோமில் அயலாராய்த் தங்கியிருக்கும் சபை என்ற பொருளில் அறிமுகம் செய்துகொள்கிறது. ஆக, நிலத்தின்மேல் உரிமை கொண்டாடும் எண்ணம் இச்சொல்லின் தொடக்கத்தில் இல்லை. பிறர் அருகே வாழ்வதே அதன் உட்பொருள்.

கத்தோலிக்கச் சகோதரர் இவ்வமைப்பைப் பங்கு என்பர். பகிர்வும் பொறுப்பும் அச்சொல்லில் அடங்கியுள்ளன. சீர்திருத்தத் திருச்சபையினராகிய நாம் சேகரம் என்கிறோம். சிதறியிருந்தவை சேர்க்கப்பட்டன என்பது அதன் பொருள். அருகே குடியிருத்தல், பகிர்ந்துகொள்ளுதல், ஒன்று கூடுதல் ஆகிய மூன்றும் திருச்சபைக்கு இன்றியமையாதவை. ஆனால், நாம் வைத்துக்கொண்ட பெயருக்கு ஏற்பவே நம் பழக்கமும் அமைந்துவிட்டது. கூடுவதில் தேர்ச்சி பெற்றோம். அருகே குடியிருத்தலின் பொருளைப் போதிய அளவு சிந்திக்கவில்லை.

2. இங்கிலாந்தின் கிராமப் பாரிஷ்

இங்கிலாந்தில் பாரிஷ் என்பது முதலாவதாக ஒரு நிலப்பரப்பு. நாடு முழுவதும் எல்லை வகுக்கப்பட்டு, ஒவ்வொரு வீடும் ஏதேனும் ஒரு பாரிஷுக்குள் அடங்கியது. 1538இல் தாமஸ் குரோம்வெல் பிறப்பித்த கட்டளையின்படி, ஒவ்வொரு பாரிஷும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஏட்டில் பதியத் தொடங்கிற்று. 1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம், ஒவ்வொரு பாரிஷும் தன் எல்லையிலுள்ள ஏழைகளைத் தானே வரி தண்டிக் காப்பாற்ற வேண்டும் என்றது. 1894ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் கிராம நிர்வாகப் பொறுப்புகளைத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களிடம் ஒப்படைத்தது. எனினும் எல்லைக்குள் வாழும் எவரும், ஆராதனைக்கு வராதவராயினும், அவ்வாலயத்தில் திருமணம் செய்துகொள்ளவும், இடமிருப்பின் அதன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பெறவும் உரிமையுடையவர் என்னும் மரபு இன்றும் நிலைத்திருக்கிறது.

1630 முதல் 1633இல் தாம் இறக்கும்வரை பெமர்ட்டன் என்னும் சிற்றூரில் குருவாயிருந்த கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட் நாட்டுப்புறக் குருவைப் பற்றி எழுதிய நூல், அவர் மறைவுக்குப்பின் 1652இல் அச்சேறியது. கிராமக் குரு உழவும் மேய்ச்சலும் அறிந்தவராய், நோய்க்கு எளிய மருந்து சொல்லக் கூடியவராய், வழக்குகளைச் சமாதானமாய்த் தீர்த்துவைக்க வல்லவராய் இருக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார். மக்களின் முழு வாழ்வும் குருவின் கவலைக்குரியது என்னும் கருத்தே இதன் அடிப்படை.

இவ்வமைப்பின் இருண்ட பக்கத்தையும் நாம் மறைத்தல் ஆகாது. நிலப்பிரபுவுக்கு முன்னிருக்கையும் கூலியாளுக்குப் பின்னிருக்கையும் ஒதுக்கிய ஆலயங்கள் பல. 1662ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், பிற பாரிஷிலிருந்து வந்த ஏழை தன் ஊருக்குச் சுமையாகலாம் என்று கருதினால், அவனை அவனது பழைய பாரிஷுக்கே திருப்பி அனுப்ப இடமளித்தது. அயலாராய் வாழ்தல் என்று பொருள்பட்ட சொல்லே அயலாரை வெளியேற்றும் கருவியாயிற்று. எல்லை என்பது பொறுப்பை உணர்த்தும். அதே எல்லை வேலியாகவும் மாறும். இதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிராமங்களில் ஆராதனைக்கு வருவோரும் குருப்பணிக்கு முன்வருவோரும் குறைந்தனர். லிங்கன்ஷயரிலுள்ள சவுத் ஆர்ம்ஸ்பி பகுதியில் 1949 முதல் பத்துக்கும் மேற்பட்ட சிறு பாரிஷுகள் ஒன்றாய்ச் சேர்க்கப்பட்டு, குருமார் குழு ஒன்று கூட்டாகப் பணிபுரியும் முயற்சி தொடங்கியது. 1968இல் இயற்றப்பட்ட ஆயர்பணிச் சட்டம் இத்தகைய கூட்டுப் பணிக்குச் சட்ட வடிவம் தந்தது. இன்று அந்நாட்டின் நாட்டுப்புறங்களில் ஒரே குரு ஐந்து, பத்து ஆலயங்களைக் கவனிப்பது புதுமையன்று. குருவின் நேரம் பயணத்திலும் கூட்டங்களிலும் பழம் ஆலயங்களைப் பழுதுபார்ப்பதிலும் கரைந்துபோகிறது என்னும் முறையீடு அங்கு எங்கும் ஒலிக்கிறது.

இதைக் கேட்கும் நம் ஊர் ஆயருக்கு வியப்பு எழலாம். தேய்வினால் இங்கிலாந்து இன்று வந்தடைந்திருக்கும் நிலை, வறுமையினால் நமக்குத் தொடக்கத்திலிருந்தே அமைந்த நிலை. ஓர் ஆயருக்குப் பல சபைகள் என்பதே நம் கிராமத் திருச்சபையின் வரலாறு.

3. டென்மார்க்கிலிருந்து அண்ணாமலைக்கு

திருவண்ணாமலை வட்டாரத்தில் சீர்திருத்தத் திருச்சபையை நிறுவியதில் பெரும்பங்கு டேனிஷ் மிஷனைச் சாரும். 1821இல் டென்மார்க்கில் தோன்றிய அச்சங்கம், 1860களில் தமிழகத்தில் தனக்கென ஒரு பணித்தளத்தைப் பெற்றது. அதற்கு வழிவகுத்தவர் கார்ல் ஓக்ஸ். லைப்சிக் மிஷனைச் சேர்ந்த இவர், திருச்சபைக்குள் சாதி வேறுபாட்டுக்கு இடமளிக்கலாகாது என்பதில் உறுதியாய் நின்றார். அது குறித்துத் தம் மிஷனோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் விலகி, 1861இல் மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்னும் பணித்தளத்தை அமைத்தார். டேனிஷ் மிஷன் அவரை ஏற்றுக்கொண்டது. அப்பணியின் கனியே கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை. திருவண்ணாமலையில் சாரோன் என்னும் பெயரும் டேனிஷ் மிஷன் பள்ளியும் அவ்வரலாற்றை இன்றும் நினைவூட்டுகின்றன.

டென்மார்க்கிலும் பாரிஷ் என்பது நிலப்பரப்பே. அந்நாட்டின் பெரும்பகுதியில், பெற்றோர் எச்சமயத்தவராயினும் எச்சமயமும் இல்லாதவராயினும், குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்வது அவ்வூர்த் திருச்சபை அலுவலகமே. அத்தகைய நாட்டிலிருந்து வந்தவர்கள் இங்கே முற்றிலும் வேறான சூழ்நிலையைக் கண்டனர். ஊர் முழுவதையும் பதியும் ஏடு இங்கே திருச்சபையிடம் இல்லை, இருக்கவும் இயலாது. திருமுழுக்குப் பெற்ற சிலரின் பெயர்களே இங்கே ஏடாயின. அங்கே நிலத்தால் வரையறுக்கப்பட்ட சபை, இங்கே பெயர்ப் பட்டியலால் வரையறுக்கப்பட்டது.

4. சேரியில் எழுந்த ஆலயம்

இங்கிலாந்தில் ஆலயம் கிராமத்தின் நடுவே நிற்பது வழக்கம். நம் வட்டாரத்தில் அது பெரும்பாலும் சேரியில், இன்று காலனி என்று வழங்கப்படும் பகுதியில், நிற்கிறது. கிறிஸ்துவை நாடி வந்தவர்களுள் பெரும்பான்மையோர் நிலமற்ற ஆதிதிராவிடக் கூலி மக்கள். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சமும் அதையொட்டிய ஆண்டுகளும் இவ்வியக்கத்தை விரைவுபடுத்தின. அக்காலத்தில் சேத்துப்பட்டைச் சுற்றிக் கத்தோலிக்கக் குரு தாராஸ் அடிகளாரின் பணியில் திருமுழுக்குப் பெற்ற திரளான மக்களிலும் பெரும்பாலோர் இத்தகையோரே. ஊர்த்தெருவில் நடக்க உரிமையற்றவன் தன் தெருவில் தனக்கென ஓர் ஆலயத்தையும் ஒரு பள்ளியையும் கண்டான். அதன் மதிப்பை எடுத்துரைக்கச் சொற்கள் போதா.

அச்சபைகளைத் தாங்கியவர் பெரும்பாலும் ஆயர் அல்லர், உபதேசியாரே. பகலில் பள்ளி ஆசிரியராகவும் மாலையில் சபையின் வழிகாட்டியாகவும் இருந்த அவர் அக்கிராமத்திலேயே குடியிருந்தார். வயல் வேலை முடிந்து மக்கள் திரும்பிய பின்னரே ஆராதனை மணி ஒலிக்கும். ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் பெண்கள் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென எடுத்து வைப்பர். அக்கைப்பிடி அரிசி சபையின் பணிக்கு உதவிற்று. அறுப்பின் பண்டிகையில் நெல்லும் கடலையும் பூசணியும் கோழியும் காணிக்கையாக வந்து ஏலமிடப்படும். கொடுப்பதற்கு ஒன்றுமில்லை என்று உலகம் எண்ணிய மக்கள், இவ்வழக்கங்களின் வாயிலாகக் கொடுப்போராய் நிமிர்ந்தனர்.

பின்னாளில் அயல்நாட்டு உதவி குறைந்தது. ஆசிரியர்களின் ஊதியம் அரசுப் பொறுப்பாயிற்று. ஆசிரியரும் உபதேசியாரும் ஒருவரே என்னும் நிலை மறைந்தது. அதனோடு, கிராமத்திலேயே குடியிருக்கும் ஊழியர் என்பவரும் பல இடங்களில் மறைந்தார். சபையின் பொறுப்பு, நகரத்தில் வாழ்ந்து கிராமத்துக்கு வந்துபோகும் ஆயரின் தோளில் விழுந்தது. இழந்தது ஒரு பதவியை மட்டுமன்று. அருகே குடியிருத்தல் என்னும் பண்பையும் நாம் பெரிதும் இழந்தோம்.

மற்றொன்றையும் நேர்மையோடு ஒத்துக்கொள்ள வேண்டும். சாதியை மறுத்து எழுந்த திருச்சபை, காலப்போக்கில் பல ஊர்களில் ஒரே சமூகத்தின், ஒரே தெருவின் திருச்சபையாக அமைந்துவிட்டது. இதற்கு அம்மக்கள் காரணரல்லர். ஊர்த்தெருவார் அவர்களோடு ஒரே பாயில் அமர மறுத்ததே காரணம். ஆயினும் விளைவு என்ன? திருச்சபையின் எல்லை, சாதி வகுத்த எல்லையோடு ஒன்றாகிவிட்டது.

5. இரண்டு ஏடுகள்

பதிவேடு நம் நாட்டில் மற்றொரு வகையிலும் துன்பம் விளைவிப்பதாயுள்ளது. 1950ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதிகள் ஆணை, இந்துக்களுக்கு மட்டுமே அத்தகுதியை வழங்கிற்று. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரான தலித் மக்களுக்கு அத்தகுதி இல்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். 1985இல் தீர்க்கப்பட்ட சூசை வழக்கில், செருப்புத் தைக்கும் தொழிலாளருக்கு அரசு வழங்கிய கடைப்பெட்டி, கிறிஸ்தவர் என்னும் காரணத்தால் சென்னைத் தொழிலாளர் ஒருவருக்கு மறுக்கப்பட்டதை உச்ச நீதிமன்றம் மாற்றவில்லை. அட்டவணைச் சாதித் தகுதியைச் சமயத்தோடு பிணைத்தலாகாது என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் இப்பொருளை ஆராய நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது.

கிராமத்தில் இதன் விளைவு யாவரும் அறிந்ததே. பாதை மறிக்கப்படும்போதும் சுடுகாட்டுக்குத் தனி வழி காட்டப்படும்போதும், அவன் கிறிஸ்தவனா அல்லனா என்று எவரும் கேட்பதில்லை. சான்றிதழ் வழங்கும்போது மட்டுமே அக்கேள்வி எழுகிறது. ஆகவே சபையின் ஏட்டில் ஒரு பெயரும் அரசின் ஏட்டில் ஒரு பெயருமாக வாழும் குடும்பங்கள் உள. மகளின் கல்வி உதவித் தொகையை எண்ணித் திருமுழுக்கைத் தள்ளிவைக்கும் தாயின் நெருக்கடியை, விசுவாசக் குறைவு என்று ஒரு சொல்லில் தீர்ப்பது எளிது, நியாயமன்று. ஏட்டில் எழுதப்பட்டோரே சபையார் என்னும் இலக்கணத்தை நாம் இறுகப் பற்றுவோமாயின், சட்டத்தின் அநீதியால் ஏட்டுக்கு வெளியே நிற்போரைத் திருச்சபையும் வெளியே தள்ளியதாகும். இந்நிலையில் ஆயருக்குரிய கடமை இரண்டு. ஒன்று, இச்சட்டம் திருத்தப்பட வேண்டும் என்று வெளிப்படையாகக் குரல் கொடுத்தல். மற்றொன்று, அது திருத்தப்படும் நாள்வரை, ஏட்டில் இடம்பெற இயலாதோரின் வீட்டு வாசலையும் மிதித்தல்.

6. எல்லையில் வாழ்வோர்

எல்லையில் உள்ளோர் யார்? அண்மைக் கால நிகழ்ச்சிகளே விடை தருகின்றன. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திர மாநிலம் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தோர் என்று கூறி 20 தமிழர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த ஏழைக் கூலிகளும் இருந்தனர். 2023 சனவரி 30ஆம் நாள், தண்டராம்பட்டுக்கு அருகிலுள்ள தென்முடியனூரில், பல்லாண்டுகளாக அம்மன் கோயிலுக்குள் நுழைய மறுக்கப்பட்ட தலித் மக்கள், காவல்துறையின் பாதுகாப்போடு முதன்முறையாக உள்ளே சென்று வழிபட்டனர். 2024 திசம்பர் முதல் நாள், ஃபெஞ்சல் புயலின் பெருமழையால் அண்ணாமலைச் சரிவில் மண் சரிந்து, குழந்தைகள் உட்பட 7 பேர் மாண்டனர். சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீரால் தென்பெண்ணைக் கரையூர்கள் கடலூர்வரை வெள்ளத்தில் மூழ்கின.

தென்முடியனூர்ச் செய்தி நமக்கு ஒரு சோதனையாகும். அது மற்றொரு சமயத்தவரின் கோயிலைப் பற்றிய செய்தி. அதனால் நமக்கென்ன என்று இருந்துவிடலாம். ஆனால் அம்மக்களும் நம் சபையாரும் பெரும்பாலும் ஒரே தெருவினர், ஒரே உறவினர், ஒரே இழிவைச் சுமந்தோர். அவர்கள் வேண்டிய வாசல் திறக்கப்பட்டபோது மகிழ்வதற்கு, அவ்வாசல் நம்முடையதாயிருக்க வேண்டியதில்லை. சிறைப்பட்டுப் போன மக்கள் தாங்கள் குடியிருக்கும் அந்நிய நகரத்தின் சமாதானத்தைத் தேட வேண்டும் என்று எரேமியா எழுதினார் (எரேமியா 29:7). அந்நகரத்தார் மனந்திரும்பிய பின்னர்த் தேடுங்கள் என்று அவர் எழுதவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. எல்லையில் உள்ளோர் அனைவருக்கும் கடன்பட்டவர்கள் என்பதை, அவர்கள் அனைவரையும் நம் ஏட்டில் சேர்ப்பதற்கான சூழ்ச்சி என்று பிறர் ஐயுறக் கூடாது. நாமும் அப்படி எண்ணக் கூடாது. கோயில் நகரம் ஒன்றில் வாழும் திருச்சபைக்கு இவ்வுணர்வு மிகத் தேவை. ஆற்காடு லுத்தரன் திருச்சபை திருவண்ணாமலையில் குவோ வாடிஸ் என்னும் சமய உரையாடல் மையத்தை அமைத்ததும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. விலை கேளாத உதவியே நற்செய்தியின் இயல்புக்கு ஏற்றது.

7. செய்யத்தக்கன

முதலாவது, ஒவ்வொரு சபையிலும் அவ்வூரிலேயே குடியிருக்கும் பொறுப்பாளர் எழுப்பப்பட வேண்டும். மிஷனெரிப் பணி பற்றி 1912இல் வெளிவந்த தம் நூலில், பவுல் அப்போஸ்தலன் உள்ளூர் மூப்பர்களிடமே சபைகளை ஒப்படைத்ததை ரோலண்ட் ஆலன் சுட்டிக் காட்டினார். 1947இல் மதுரை-இராமநாதபுரம் பேராயரான லெஸ்லி நியூபிகின், கிராமத்தில் தம் தொழிலைச் செய்துகொண்டே சபையை நடத்தவல்ல விசுவாசிகளைப் பயிற்றுவிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். நூறுநாள் வேலைக்குச் செல்லும் பெண்ணும் ஓட்டுநராய் உழைக்கும் இளைஞனும் இப்பணிக்குத் தகுதியற்றவரல்லர். ஆயரின் கடமை பத்துச் சபைகளுக்கும் தாமே ஓடுவதன்று. பத்துச் சபைகளிலும் ஊழியரை உருவாக்குவதாகும்.

இரண்டாவது, சேகரக் குழு தன் பதிவேட்டோடு ஊரின் நிலையையும் அறிந்து வைத்திருக்க வேண்டும். தனியே வாழும் முதியோர் யார், பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் யார், பெங்களூருக்கும் கரும்பு வெட்டுக்கும் சென்றோரின் வீட்டில் எஞ்சியிருப்போர் யார் என்பதைச் சமய வேறுபாடின்றி அறிதல் வேண்டும்.

மூன்றாவது, தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூட்டப்படும் கிராம சபைக்குச் சபையார் தவறாது செல்லுதல் வேண்டும். இங்கிலாந்தில் 1894இல் மன்றங்களிடம் சென்ற பொறுப்பு, நம் நாட்டில் ஊராட்சியிடம் உள்ளது. குடிநீர், பாதை, சுடுகாடு ஆகியவை பேசப்படும் அவ்விடத்தில் கிறிஸ்தவர் வாய்மூடி இருத்தல் தகாது.

நான்காவது, பங்கு என்னும் சொல்லை நாமும் கற்க வேண்டும். ஒரு சேகரத்தின் நகரச் சபை தன் காணிக்கையைத் தானே செலவிட, அதன் கிராமச் சபை ஒழுகும் கூரையின்கீழ் கூடுமானால், அங்கே சேகரம் பெயரளவில் மட்டுமே உள்ளது.

இங்கிலாந்தின் கிராமத் திருச்சபைக்கு நிலமும் சட்டமும் செல்வமும் துணை நின்றன. அவற்றோடு அதிகாரத்தின் சோதனையும் வந்தது. அண்ணாமலையைச் சுற்றியுள்ள நம் சிறு சபைகளுக்கு அவற்றுள் ஒன்றும் இல்லை. பிறர் நடுவே, உரிமை குறைந்த அயலாராய் அவை வாழ்கின்றன. ஆதலால் பரோய்க்கியா என்னும் சொல்லின் முதற்பொருளுக்கு அவையே அண்மையில் நிற்கின்றன. இதை நம் கிராமச் சபைகளுக்கு எடுத்துரைப்பதும், ஏட்டிலுள்ள பெயர்களை அன்போடு காத்து, எல்லையிலுள்ள முகங்களையும் அறிந்து வாழ அவற்றைத் துணைசெய்வதும் இன்று இறையியல் பயில்வோரின் கடமையாகும்.